கேன் தண்ணீர் தேடும் தம்பி தங்கைகளுக்கு



அக்டோபர் பிறந்தால் ஹாம்பர்க் ரயில் நிலையத்தில் நம் பிள்ளைகளைத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். இரண்டு பெரிய பெட்டி, முதுகில் ஒரு பை, கழுத்துவரை ஜிப் ஏற்றிய புது ஜெர்கின். பெட்டிக்குள் குக்கரும் சாம்பார் பொடியும் கட்டாயம் இருக்கும். வந்து இரண்டு நாளைக்குள் போன் வரும்: "அக்கா, இங்க குடிக்கிற தண்ணி எங்க வாங்குறது?"

பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். இந்தக் கேள்விக்கு எத்தனை தடவை பதில் சொன்னேன் என்று கணக்கில்லை. "குழாயிலயே பிடிச்சுக் குடிப்பா, ஒண்ணும் ஆகாது" என்று போனில் முடித்துவிடுவேன். சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். மீதிப் பாதி தெரியாமல் நானே ஒரு தடவை அடிபட்டிருக்கிறேன். அதனால் ஜெர்மனியின் பல ஊர்களில் படிக்கவும் வேலைக்குமாக வந்திறங்கியிருக்கும் உங்கள் எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

உங்கள் பயத்தைப் பார்த்து வகுப்பில் யாராவது சிரித்தால் கூச்சப்படாதீர்கள். அந்தப் பயம் மூடநம்பிக்கை கிடையாது. நம் ஊரில் பல தெருக்களில் குழாயில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான் தண்ணீர் வரும். சில இடங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள். மற்ற நேரமெல்லாம் குழாய் காலியாகக் கிடக்கும். காலிக் குழாயில் அழுத்தம் இருக்காது. எங்கே விரிசல் விட்டிருக்கிறதோ அங்கே பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே கசியும். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நல்ல தண்ணீராகக் கிளம்பியது தெருமுனைக்கு வரும்போது கெட்டுப்போவது இப்படித்தான். அதற்கப்புறம் சம்ப், மோட்டார், மொட்டை மாடித் தொட்டி என்று இன்னும் மூன்று இடம். "முதல்ல வர்ற தண்ணிய விட்டுட்டுப் பிடி" என்று அம்மா சொன்னதும், சீரகம் போட்டுக் காய்ச்சி வைத்ததும், மாதம் இத்தனை கேன் என்று கணக்கு வைத்து வாங்கியதும் பட்டறிந்த அறிவு. நீங்கள் அந்த அறிவோடு வந்திருக்கிறீர்கள்.

இங்கே அடிப்படையே வேறு. தெருக் குழாய் 24 மணி நேரமும் நிறைந்து அழுத்தத்தோடு இருக்கும். ஓட்டை விழுந்தால் உள்ளே இருப்பது வெளியே பீறிடும். வெளியில் இருப்பது உள்ளே நுழைய முடியாது. தண்ணீரும் பெரும்பாலும் நிலத்தடியிலிருந்தும் ஊற்றுகளிலிருந்தும் வருகிறது. மியூனிக்கில் இருப்பவர்களுக்கு ஆல்ப்ஸ் அடிவாரத்து மாங்ஃபால் பள்ளத்தாக்கிலிருந்து 1883 முதல் வந்துகொண்டிருக்கிறது, அதுவும் சரிவிலேயே ஓடி. ஸ்டுட்கார்ட் பக்கம் இருப்பவர்கள் பலர் குடிப்பது போடன் ஏரியின் தண்ணீர். கரையோரத்தில் எடுப்பதில்லை, சுமார் 60 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கிறார்கள். எங்கள் ஹாம்பர்க்கில் முழுக்க நிலத்தடி நீர். குடிநீருக்கென்று தனிச் சட்டமே உண்டு. 'ட்ரிங்க்வாசர்ஃபெர்ஓர்ட்னுங்' என்று பெயர், நாக்கைச் சுழற்றும். எந்தப் பொருள் ஒரு லிட்டரில் எவ்வளவு இருக்கலாம், எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் ஊர்த் தண்ணீர் வாரியத்தின் இணையப் பக்கத்தில் உங்கள் பகுதியின் அளவுகளை எண்ணாகவே பார்க்கலாம்.

போன வருடம் கோவைத் தம்பி ஒருவன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளை, கிளாஸை வாயில் வைத்ததும் முகம் மாறியது. சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்து, என்னிடம் கேட்டுக்கொண்டுதான், தண்ணீரில் விட்டான். டி.டி.எஸ். மீட்டர். 280 என்று காட்டியது. "அக்கா, எங்க வீட்டு ஆர்.ஓ.ல 40 தான் வரும்" என்றான், பதறிப்போய். அவன் தங்கியிருப்பது நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை. ஒன்றரை லிட்டர் பாட்டில் ஆறு சேர்ந்த கட்டை வாரத்துக்கு இரண்டு தடவை தூக்கிக்கொண்டு ஏறுகிறான். சோறு வடிப்பதுகூட பாட்டில் தண்ணீரில்தான் என்று சொன்னபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அந்தப் பேனா தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அளக்கிறது. அதை வைத்து, கரைந்திருக்கும் உப்பு மொத்தம் ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று ஒரு கணக்குச் சொல்கிறது. இங்கே அந்த உப்பில் பெரும்பகுதி கால்சியமும் மக்னீசியமும். நம் நாட்டுக் குடிநீர் தரமே 500 வரை ஏற்கலாம் என்கிறது. கிருமி இருக்கிறதா என்று அந்தப் பேனாவுக்குத் தெரியாது. ஈயம் இருந்தாலும் தெரியாது. ஒரு லிட்டரில் ஈயம் 0.01 மில்லிகிராம்தான் இருக்கலாம் என்பது சட்டம். பேனா முழு மில்லிகிராமில்தான் எண்ணும். அளவுக்கு இரண்டு மடங்கு ஈயம் உள்ள தண்ணீரில் விட்டாலும் அதே 280ஐத்தான் காட்டும். நம்மை நிம்மதியாக வைக்கவும் அதற்குத் தகுதி இல்லை, பயமுறுத்தவும் இல்லை. தயவுசெய்து அதைப் பெட்டியில் போட்டு மூடிவையுங்கள்.

கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவதும், டீயின் மேல் மெல்லிய ஆடை மிதப்பதும் அதே கால்சியம்தான். கொஞ்சம் வினிகரோ எலுமிச்சை உப்போ போட்டு ஊறவிட்டால் கெட்டில் பளிச்சென்றாகிவிடும். உடம்புக்கு அதனால் கெடுதல் இல்லை.

"அப்போ ஜெர்மன்காரங்களே ஏன் கடையில கிரேட் கிரேட்டா தண்ணி வாங்கிட்டுப் போறாங்க?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. வண்டி நிறைய அவர்கள் ஏற்றுவதைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் குழாய்த் தண்ணீரைச் சந்தேகப்படுகிறார்கள். அவர்களில் நிறையப் பேர் வாங்குவது நுரைக்கும் தண்ணீர், நம் ஊர் சோடா மாதிரி. அந்த நுரைப்பு நாக்குக்குப் பழகிவிட்டது. வழிவழியாக வந்த பழக்கம், அவ்வளவுதான். அதே ஆள் வீட்டுக்குப் போய்க் குழாயில் பிடித்துக் காபி போடுவார், சூப் வைப்பார், பிள்ளைக்கும் கொடுப்பார்.

நான் தினமும் நடக்கும் ஒரு தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷுல்டர்பிளாட் என்று பெயர். இன்று இருபுறமும் காபிக் கடைகள், சாயங்காலம் ஆனால் உட்கார இடம் கிடைக்காது. 1892இல் அந்தப் பக்கம்தான் ஹாம்பர்க்குக்கும் ஆல்டோனாவுக்கும் எல்லை. ஆல்டோனா அப்போது தனி ஊர், பிரஷ்ய ராஜ்ஜியத்தைச் சேர்ந்தது. அந்த ஆகஸ்டில் ஹாம்பர்க்கில் காலரா வந்தது. சில வாரங்களில் 8,600 பேர் செத்துப்போனார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆல்டோனாவில் நோய் மிகக் குறைவாகவே பரவியது. காற்று ஒன்று, வெயில் ஒன்று, மக்களும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வேலைக்குப் போய் வருகிறவர்கள். இரண்டு ஊரும் குடித்தது ஒரே எல்பே ஆற்றுத் தண்ணீர். சொல்லப்போனால் ஆல்டோனா எடுத்ததுதான் மோசமான தண்ணீர், ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு கீழே ஓடி வருவது. ஆனால் ஆல்டோனா அதை மணல் படுகைகளில் மெதுவாக வடிகட்டிக் கொடுத்தது. ஹாம்பர்க் கொடுத்தது வடிகட்டாத தண்ணீர். பெரிய துறைமுகம், பணக்கார ஊர், வடிகட்டும் நிலையம் கட்டுவதைச் செலவுக் கணக்குப் பேசிப் பேசி வருடக்கணக்கில் இழுத்தடித்துவிட்டது. கிருமி ஆய்வாளர் ராபர்ட் கோக் பெர்லினிலிருந்து வந்து பார்த்து, வீடு வீடாகக் குழாய் எந்த ஊருடையது என்று கவனித்தபோது உண்மை தெளிவாகிவிட்டது. அடுத்த வருடமே கால்டேஹோஃபே தீவில் வடிகட்டும் நிலையம் ஓடத் தொடங்கியது. ஆற்றுத் தண்ணீரையே 1964இல் முழுவதுமாக விட்டுவிட்டார்கள்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த நாட்டுக் குழாய்த் தண்ணீர் பிறவியிலேயே சுத்தமானது என்று நினைத்துவிடாதீர்கள். ஆயிரக்கணக்கான பிணங்களைப் புதைத்த பிறகு, யாரோ கேள்வி கேட்டு, யாரோ பணம் ஒதுக்கி, இன்றுவரை யாரோ தினமும் சோதித்துக்கொண்டிருப்பதால் சுத்தமாக இருக்கிறது.

ஆனால் அந்தச் சோதனையும் பொறுப்பும் ஓர் இடத்தில் நிற்கிறது. வீட்டு நிலவறையில் இருக்கும் மீட்டர்வரை தண்ணீர் வாரியத்தின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டி உங்கள் கிளாஸ் வரைக்கும் உள்ள குழாய் வீட்டுக்காரருடையது. என்னைப் பிடித்தது அந்தக் கடைசிச் சில மீட்டர்தான்.

அப்போது என் மகளுக்கு நான்கு மாதம். எனக்குப் பால் போதவில்லை, பால் மாவு கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நூறு வருடத்துக்கு மேல் பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடி, உயரமான கூரை, பூவேலை செய்த மாடிப்படி, பார்த்தவுடன் பிடித்துப்போய் எடுத்த வீடு. கீழ்வீட்டில் ஈழத்து அக்கா ஒருவர், எண்பதுகளில் வந்தவர். நான் விடிகாலையில் எழுந்ததும் முதல் தண்ணீரைப் பிடித்துக் கெட்டிலில் ஊற்றுவதைப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடியுங்கோ பிள்ளை, இது பழைய வீடெல்லோ" என்றார். வீட்டுக்காரரிடம் கேட்டேன். குழாயெல்லாம் மாற்றியாகிவிட்டது என்றார். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. என்னைக் கையைப் பிடித்து நிலவறைக்கு இழுத்துக்கொண்டு போனார். மீட்டருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறக் குழாய் ஒன்று, மூலை மடக்கு எதுவும் இல்லாமல் பாம்பு மாதிரி வளைந்து சுவருக்குள் போனது. அக்கா வீட்டுச் சாவியால் அதைச் சுரண்டினார். வெண்ணெயில் கோடு போட்ட மாதிரி சாவி இறங்கியது. கோடு வெள்ளிபோலப் பளபளத்தது.

ஈயக் குழாய். ஆய்வகத்துக்குத் தண்ணீர் அனுப்பினோம். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் இருக்கலாம் என்ற இடத்தில் 19 இருந்தது. நிறம் இல்லை, மணம் இல்லை, ருசியிலும் வித்தியாசம் இல்லை. மூன்று மாதம் என் குழந்தைக்கு அதைத்தான் ஊட்டியிருந்தேன். காய்ச்சித்தான் கொடுத்தேன், சுத்தமாகக் கொடுக்கிறோம் என்ற நினைப்போடு. காய்ச்சினால் கிருமி சாகும். ஈயம் எங்கும் போகாது, தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் அளவு ஏறத்தான் செய்யும். சிறு குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும் என்று மருத்துவர் விளக்கியபோது என் கையில் இருந்த பால் புட்டி நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. நல்லவேளை, ரத்தத்தில் கவலைப்படும் அளவுக்கு ஏறவில்லை. சுகாதார அலுவலகத்துக்கு எழுதினோம். அவர்கள் கடிதம் போன பிறகுதான் குழாய் மாறியது.

ஆகவே, தம்பி தங்கைகளே, "இந்த ஊர்த் தண்ணி நல்லதா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "இந்தக் கட்டடம் எந்த வருடத்துது?" என்று கேளுங்கள். தெற்கே பவேரியா, பாடன்-வுர்ட்டம்பெர்க் பக்கம் நூறு வருடத்துக்கும் மேலாக ஈயக் குழாய் போடுவதில்லை, அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கலாம். வடக்கிலும் கிழக்கிலும் 1973 வரை போட்டிருக்கிறார்கள். அதற்கு முந்தைய கட்டடம் என்றால் நிலவறைக்குப் போய் ஒரு தடவை பாருங்கள். சாம்பல் நிறமா, மிருதுவா, சுரண்டினால் பளபளக்கிறதா, காந்தம் ஒட்டாமல் விழுகிறதா. வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள், 'ப்ளைலைட்டுங்' என்பதுதான் ஈயக் குழாய்க்கு இங்கே பெயர். 2026 ஜனவரி 12க்குள் இப்படிப்பட்ட குழாய்களை அகற்ற வேண்டும், இல்லையென்றால் மூடிவிட வேண்டும் என்று சட்டம் தேதி குறித்தது. சில இடங்களில் அவகாசம் நீட்டிக்கவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. தேதி போய்விட்டது என்பதால் குழாயும் போயிருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். வயிற்றில் பிள்ளை இருந்தாலோ, கைக்குழந்தை இருந்தாலோ, தெரிகிறவரை காத்திருக்காமல் பாட்டில் தண்ணீர் வாங்குங்கள். அந்த ஒரு சந்தர்ப்பத்தில் மாடி ஏறித் தூக்குவது வீண் இல்லை.

ஈயம் இல்லாத வீட்டிலும் கீழ்வீட்டு அக்கா சொன்னதைச் செய்யுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் குழாயில் நின்ற தண்ணீரைக் குடிக்க எடுக்காதீர்கள். குழாயின் நிக்கலும் செம்பும் அதில் கொஞ்சம் கரைந்திருக்கலாம். கையில் சில்லென்று படும்வரை ஓடவிட்டால் போதும். அந்தத் தண்ணீரைச் சாக்கடைக்கு விட மனசில்லையா, செடிக்கு ஊற்றுங்கள், பாத்திரம் ஊறப்போடுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போய் நாலு வாரம் கழித்துத் திரும்பி வந்தால் எல்லாக் குழாயையும் நன்றாக ஓடவிடுங்கள், ஷவரையும்தான். வெதுவெதுப்பாகத் தேங்கி நின்ற தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். குடிப்பதால் அது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. ஷவர்ச் சாரலோடு மூச்சில் போனால் நுரையீரல் காய்ச்சல் வரும். ஜன்னலைத் திறந்துவைத்து, சுடுதண்ணீரை முழுச் சூட்டில் திறந்துவிட்டு, வெளியே வந்து நில்லுங்கள்.

வெளியில் இருக்கும்போது பார்க்க வேண்டிய இரண்டு வார்த்தை, 'கைன் ட்ரிங்க்வாசர்'. குடிநீர் அல்ல என்று அர்த்தம். ரயில் கழிவறைக் குழாயில், கல்லறைத் தோட்டத்துக் குழாயில், சில ஊர்களின் அழகான கல் தொட்டிகளில் எழுதியிருக்கும். எழுதியிருந்தால் விலகிவிடுங்கள், எவ்வளவு தெளிவாக ஓடினாலும். இன்னொரு வார்த்தை 'அப்கோக்கெபோட்', காய்ச்சிக் குடிக்கச் சொல்லும் உத்தரவு. எப்போதாவது ஓர் ஊரில் சோதனையில் கிருமி தெரிந்தால் அறிவிப்பார்கள். 2021 ஜூலை வெள்ளத்தில் ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் குழாய்களே அடித்துக்கொண்டு போய், ஊர் ஊராகக் குடிநீர் இல்லாமல் தவித்தார்கள். 'நினா' என்ற அரசாங்க எச்சரிக்கைச் செயலியை போனில் போட்டுக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழாயில் ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 2 யூரோ ஆகிறது. மலிவுக் கடை பாட்டிலே அதற்குப் பல பல மடங்கு. பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் வேறு, திருப்பிக் கொடுத்தால்தான் கிடைக்கும். அப்பா கல்விக் கடன் வாங்கி அனுப்பிய காசு, அதைக் கணக்குப் பார்க்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டாம். வடிகட்டும் ஜாடி வாங்கியிருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: உள்ளே இருக்கும் வடிகட்டியைத் தேதிப்படி மாற்றாவிட்டால் அதிலேயே கிருமி வளரும், நல்ல தண்ணீரை ஊற்றிக் கெட்ட தண்ணீராக எடுப்பீர்கள்.

இன்று ராத்திரி அம்மா போன் செய்வார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டதும் அடுத்தது, "தண்ணிய காய்ச்சித்தானே குடிக்கிற?" என்பார்கள். இங்கே தேவையில்லை என்று சட்டம் பேசாதீர்கள், அவர்களுக்குத் தூக்கம் வராது. சீரகம் கொண்டுவந்திருப்பீர்கள். ஒரு ஸ்பூன் போட்டுக் கொதிக்க வையுங்கள், தொண்டைக்கும் இதம், இந்தக் குளிருக்கும் நல்லது. சீக்கிரம் கொதிக்கும் என்று சிலர் சுடுதண்ணீர்ப் பக்கம் திருகி கெட்டிலை நிரப்புகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். கொதிகலனில் நின்று, குழாயின் உலோகத்தையும் அதிகம் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர் அது. பச்சைத் தண்ணீர்ப் பக்கம் திருகி, சில்லென்று வரும்வரை விட்டு, அப்புறம் பிடியுங்கள்.

அன்புடன்,
ஆல்டோனாவிலிருந்து உங்கள் அக்கா